பாட்டுப்பெட்டியும் பாட்டும்



மொழிக்கென அமைந்த மேடையில் ஒலிக்கருவிகளைப் பற்றிப் பேச வந்திருக்கிறோமே என்று சிலர் வியக்கக்கூடும். ‘கேள்’ என்னும் தமிழ் வினைக்கு இரு பொருள் உண்டு. செவியால் கேட்பதும் கேட்டல். ஒன்று வேண்டுமென்று கேட்பதும் கேட்டல். பாட்டைக் கேட்கத் தொடங்கிய நம்மவர் பாட்டுப்பெட்டியைக் கேட்பதில் வந்து நின்ற கதையே இன்றைய பொருள்.

கலும்பாங் வட்டாரத்திலும் கோலசிலாங்கூர்த் தோட்டங்களிலும் வளர்ந்த தலைமுறைக்கு இசை வானொலி வழியாகவே வந்தது. 1950களின் இறுதியில் ஜப்பானிய டிரான்சிஸ்டர் வானொலிகள் உலகச் சந்தைக்கு வந்தன. மின்சாரம் எட்டாத லயங்களுக்கு அவை பெரும்பேறாயின. ஒரு வீட்டு வாசலில் பெட்டி பாடினால் பக்கத்து நான்கு வீடுகளும் கேட்கும். மின்கலம் தளர்ந்தால் அதை வெயிலில் காயவைத்து இன்னும் இரண்டு நாள் ஓட்டுவோம். இன்று மின்னல் எஃப்.எம். என வழங்கும் தமிழ்ப்பகுதியில் ஒரு பாட்டைத் தவறவிட்டால் அது மறுபடி எப்போது வருமென்று யாருக்கும் தெரியாது. ஆகவே செவியைத் தீட்டிக்கொண்டு கேட்டோம். பள்ளிக் குறிப்பேட்டின் பின்பக்கத்தில் ஒவ்வோர் அடியாக எழுதி, விட்டுப்போன சொல்லை அடுத்த முறை நிரப்பினோம். ஐந்தாம் ஆறாம் ஆண்டோடு தமிழ்க்கல்வி நின்றுபோன பலருக்கு அக்குறிப்பேடே இறுதித் தமிழ்ப் பாடநூல்.

அச்சிறிய பெட்டி தந்தது குறைந்த ஒலிதான். அதை மறுக்க வேண்டியதில்லை. 1978இல் வெளிவந்த ‘ப்ரியா’ படத்திற்கு இளையராஜா அமைத்த பாடல்களே தமிழ்த் திரையில் முதன்முதலாக ஸ்டீரியோ முறையில் பதிவானவை என்பர். இடமும் வலமுமாகப் பிரித்து அமைத்த அவ்விசையைத் தோட்டத்தில் நாம் ஒற்றை ஒலிவாயில் வழியே கேட்டோம். பேஸ் கிதாரின் அடித்தந்தி ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸில் அதிர்வது. உள்ளங்கை அகல ஒலிவாயிலால் அதை எழுப்ப இயலாது. எனினும் அதன் மேற்கிளை அதிர்வுகள் வந்துசேர்ந்தால் இல்லாத அடிச்சுருதியை மூளை தானே நிரப்பிக்கொள்ளும் என்பது அறிவியலார் கண்ட உண்மை. சொற்களின் நிலையும் அவ்வாறே. பழைய தொலைபேசி 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையே கடத்தியது; பேச்சு விளங்க அது போதுமாயிற்று. லகர, ளகர, ழகர வேறுபாட்டை நாம் வானொலியில் பயின்றதில் வியப்பில்லை.

பின்னர் ஒலிநாடாக் காலம் வந்தது; அதனோடு தவணையும் வந்தது. தோட்டத்துக்கு வேனில் வந்த விற்பனையாளர் காட்டியவை பளபளக்கும் விளக்குகளும், பெட்டியின் முகப்பில் கொட்டை எழுத்தில் இருந்த ‘3,000 வாட் பி.எம்.பி.ஓ.’ என்னும் வாசகமுமே. அந்த அளவைக்கு உலகம் ஒப்பிய வரையறை எதுவும் கிடையாது; எண்ணைப் பெரிதாக்கிக் காட்டப் பிறந்த அளவை அது. பெட்டியைத் திருப்பிப் பார்த்தவர் மிகச் சிலர். பின்புறச் சிறு தகட்டில், அது மின்சாரத்திலிருந்து இழுப்பது 60 வாட் என்றோ 80 வாட் என்றோ எழுதியிருக்கும். உட்கொள்வது 60 என்றால் 3,000 எங்கிருந்து பாடும்? மாணவர்கள் இன்றே வீட்டில் பழைய பெட்டி இருப்பின் திருப்பிப் பார்க்கலாம். இன்னொன்றும் உண்டு: வாட் இரட்டித்தால் ஒலி இரட்டிப்பதில்லை. இருமடங்கு உரத்துக் கேட்பதாகச் செவி உணர ஏறத்தாழப் பத்து மடங்கு ஆற்றல் வேண்டும்.

நாம் அறிந்த ஒரு வீட்டில் அத்தகைய பெட்டி ஒன்று வந்தது. பால்மரம் சீவிய கூலியில் மாதந்தோறும் தவணை கட்டினர். அதன்மேல் பூவேலைத் துணி போர்த்தியிருந்தது, பிள்ளைகள் தொடக்கூடாது. விருந்தினர் வந்தால் மட்டும் பாடும், அதுவும் பாதிப் பாட்டோடு நின்றுவிடும். ஒலியின் வலிமையைக் காட்டியாயிற்றல்லவா! அதே காலத்தில் சிலாங்கூர்த் தோட்டங்களின் பெண்பிள்ளைகள் தொழிற்சாலைப் பேருந்துகளில் ஏறி, சுங்கைவே போன்ற வட்டாரங்களில் மின்னணுப் பாகங்கள் செய்யப் போய்க்கொண்டிருந்தனர். பகலில் மகள் பாகம் செய்தாள். மாத முடிவில் தந்தை பெட்டிக்குத் தவணை கட்டினார். இதைச் சிரித்துச் சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

இன்றைய மாணவர் கையில் பெட்டி சுருங்கிவிட்டது, வேட்கை சுருங்கவில்லை. குறுந்தட்டின் தரத்துக்கும் மேற்பட்ட ‘உயர்தெளிவு’ ஒலி என்று விளம்பரம் அழைக்கிறது. 2007இல் மேயர், மோரன் என்னும் இருவர் அமெரிக்க ஒலிப்பொறியியல் ஆய்விதழில் ஒரு சோதனையை வெளியிட்டனர். உயர்தெளிவுப் பதிவை ஒருமுறை நேராகவும், ஒருமுறை குறுந்தட்டின் தரத்துக்கு இறக்கியும் ஒலிக்கச் செய்து, எது எதுவெனக் கேட்டனர். 554 முறையில் சரியாகச் சொன்னவை 276. நாணயத்தைச் சுண்டிப்போட்டாலும் அவ்வளவே கிடைக்கும்.

கருவியே வேண்டாம் என்பது நம் கருத்தன்று. இளங்கோவடிகள் அரங்கேற்று காதையில் ஏழு கோல் அகலம், எட்டு கோல் நீளம், ஒரு கோல் உயரம் என அரங்கை அளந்தே சொல்கிறார். ஆனால் ஆடலாசான் முதல் யாழாசிரியன் வரை கலைஞரின் தகுதிகளை விரித்துரைத்த பின்னரே அளவுகோலை எடுக்கிறார். அவ்வரிசை நமக்குப் பிடித்திருக்கிறது. நம் பள்ளி மண்டபங்களில் சிமெண்டுத் தரையும் தகரக் கூரையும் ஒலியை எதிரொலித்துக் குழப்புகின்றன. அங்கே புதிய ஒலிபெருக்கி வாங்க நன்கொடை திரட்டுமுன் சன்னல்களுக்குத் தடித்த திரைச்சீலை தொங்கவிட்டுப் பார்க்கலாம். மூலையில் கிடக்கும் ஒலிபெருக்கியை முன்னே நகர்த்தி, கேட்போர் காதுமட்டத்துக்கு உயர்த்தலாம். செலவு சிறிது, பயன் பெரிது.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். வாரத்தில் பத்து நிமிடம், ஒரே பாட்டை இருமுறை வகுப்பில் ஒலிக்கச் செய்யுங்கள். முதன்முறை வெறுமனே கேட்கட்டும். இரண்டாம் முறை காதில் விழுந்த சொற்களை எழுதட்டும். விட்டுப்போனவற்றை அடுத்த வாரம் தேடட்டும். பாட்டி இருக்கும் வீட்டுப் பிள்ளைகள் ஒரு தாலாட்டைக் கேட்டு எழுதி வந்தால் இன்னும் நன்று. அதற்கு மின்கலமும் வேண்டியதில்லை.

இப்போது திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளையின் தோடியை ஒலிக்கச் செய்யவிருக்கிறோம். 78 சுழற்சித் தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிட அளவே ஓடும்; இரைச்சலும் உண்டு. இம்மண்டபத்தின் பழைய ஒலிபெருக்கியையே காலையில் மூலையிலிருந்து நகர்த்தி மேசைமேல் வைத்திருக்கிறோம். பின்வரிசை மாணவர்கள் சற்று முன்னே வந்து அமருங்கள்.