வீட்டில் ஓர் ஒலிப்பதிவுக் கூடம்

விவரணப் படங்களுக்கும் விளம்பரங்களுக்கும் ஒலிநூல்களுக்கும் பின்னணிக் குரல் கொடுப்போர் பலர் இன்று தத்தம் வீட்டிலேயே ஒலிப்பதிவு செய்கின்றனர். 2020ஆம் ஆண்டிற் கொரோனாப் பெருந்தொற்றுப் பரவியபோது, புகழ்பெற்ற வானொலி அறிவிப்பாளர் சிலரும் உடுப்பு அலுமாரிக்குள்ளும் போர்வைக்கு அடியிலும் இருந்தே பேசினர். வேடிக்கைபோலத் தோன்றும் இச்செயலில் ஓர் அறிவியல் உண்மை அடங்கியிருக்கிறது.

இத்தொழிலிற் புதிதாகப் புகுவோர் முதலில் நாடுவது விலையுயர்ந்த ஒலிவாங்கியையே. சேமித்த பணம் யாவும் செலவான பின்னர் பதிவைக் கேட்டால், குரல் குகைக்குள் ஒலிப்பது போலிருக்கும். குற்றம் கருவியினுடையதன்று, அறையினுடையது. வெறுஞ் சுவரும் சீமெந்துத் தரையும் கண்ணாடி யன்னலும் ஒலியைத் திருப்பி அனுப்புகின்றன. நல்ல ஒலிவாங்கி அந்த எதிரொலியையும் நன்றாகவே வாங்கிக்கொள்கிறது.

இதனை அளந்து காட்டியவர் அமெரிக்க அறிஞர் வாலஸ் சபீன். ஹாவார்ட் பல்கலைக்கழகத்தின் புதிய விரிவுரை மண்டபமொன்றிற் பேச்சுத் தெளிவாக விளங்கவில்லை. ஒரு சொல்லின் ஓசை ஓய்வதற்கு ஏறத்தாழ ஐந்தரை விநாடி சென்றது. அதற்குள் அடுத்து வந்த சொற்கள் அதனோடு கலந்துவிட்டன. 1895இல் ஆய்வைத் தொடங்கிய சபீன், தெரு அடங்கிய நள்ளிரவில், வேறோர் அரங்கின் இருக்கை மெத்தைகளைக் கொணர்ந்து பரப்பி, ஓசை ஓயும் நேரத்தைக் கணித்தார். மெத்தைகள் பெருகப் பெருக நேரம் குறைந்தது.

அவருக்கு உதவிய மெத்தையும் போர்வையும் எவ்வீட்டிலும் உண்டு. உடுப்புகள் நிறைந்த அலுமாரியைத் திறந்து, அதனை நோக்கிப் பேசலாம். பின்புறத்திலே தடித்த போர்வையைத் தொங்கவிட்டு, தரையில் விரிப்பொன்றை இடலாம். ஆயினும் துணி எதிரொலியை அடக்குமேயன்றி, தெருவிற் செல்லும் லொறியின் இரைச்சலைத் தடுக்காது. அதற்கு ஏற்ற வேளையைத் தெரிந்துகொள்வதே வழி. மின்விசிறியையும் நிறுத்திவிடல் வேண்டும்.

கருவிகளும் மிகுதியாக வேண்டியதில்லை. கணினியில் நேரே பொருத்தத்தக்க ஒலிவாங்கி ஒன்றும், காதை மூடும் ஒலிகேட்பான் ஒன்றும் தொடக்கத்திற்குப் போதும். ஒலிவாங்கி வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், சற்றே பக்கவாட்டில் இருத்தல் நன்று. பகர ஒலிகளின் காற்று அதில் மோதாது. தூரம் பாதியானால் நேர்க்குரல் ஏறத்தாழ 6 டெசிபல் உயரும். அறையின் எதிரொலியோ பெரிதும் மாறாது.

இறுதியாக, ஒன்றும் பேசாமல் அரை நிமிடம் பதிவு செய்து கேட்டல் வேண்டும். ஒலிநூல் தயாரிப்புக்கான ஏசிஎக்ஸ் தளம், பின்னணி இரைச்சல் மறை 60 டெசிபலுக்கு மேற்படலாகாதென விதித்திருக்கிறது. அந்த அரை நிமிட மௌனத்திற் குளிர்சாதனப் பெட்டியின் முனகலோ அயல்வீட்டுப் பேச்சோ கேட்குமாயின், அதனை நீக்கிய பின்னரே புதுக் கருவிக்குப் பணம் செலவிடுதல் தகும்.