ஆளுக்கு ஏழு குழி

தம்பி, தங்கைகளே, நான் பேச வந்தது பல்லாங்குழி பற்றி.

பலகையை ஒரு தோட்டமாக நினைச்சுக்குங்க. ஆளுக்கு ஏழு குழி. குழிக்கு ஐந்து புளியங்கொட்டை வைத்தால் மொத்தம் 70. ஒரு குழியை அள்ளி, ஒவ்வொன்றாக விதைத்துக்கொண்டே போகணும். கை காலியானால் அடுத்த குழியை அள்ளலாம். அது வெறுங்குழியா? துடைத்துவிட்டு, அதற்கடுத்த குழியில் இருப்பதை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். நாலு சேர்ந்த குழி 'பசு'. தாயம் மாதிரி அதிர்ஷ்டம் கிடையாது, முழுக்கக் கணக்கு.

இதற்கு ஆப்பிரிக்காவில் ஒரு பங்காளி உண்டு, அவாரி. 12 குழி, 48 விதை. 2002-இல் ஆம்ஸ்டர்டாமில் இரண்டு ஆய்வாளர்கள் சுமார் 88,900 கோடி நிலைகளைக் கணினியில் அலசி, இருவரும் பிழையின்றி ஆடினால் ஆட்டம் சமன் என்று காட்டிவிட்டார்கள்.

நம்ம ஆட்டத்தையும் கணினியிடம் கொடுக்கலாம். எந்த விதியைக் கொடுப்பது? குழிக்கு ஐந்தா, ஆறா? பசு யாருக்கு? வீட்டுக்கு வீடு மாறுதே! அதெல்லாம் ஜீப்பில் போடிமெட்டு ஏறி ஏலக்காய் பறித்த பாட்டிமார் கையில்தான் இருக்கு. இந்த லீவில் ஆளுக்கொரு பாட்டியோடு ஆடி, அவங்க விதியை எழுதிட்டு வாங்க. புரோகிராம் எழுத நானும் கூட உட்காருகிறேன்.