வீட்டில் படிக்கும் பிள்ளையும் எஸ்.பி.எம். தேர்வும்

(பொன்விழாவையொட்டி ஆற்றிய உரை)





போலிடெக்னிக்கில் டிப்ளோமா முடித்துவிட்டுக் கடைக்கு வந்த தலைமுறை நாங்கள். வியாபாரத்தைப் பற்றிப் பேசுவோம் என்று நீங்கள் எதிர்பார்த்திருக்கலாம். ஆனால், பள்ளிக்கூடம் போகாமல் வீட்டிலிருந்து படிக்கும் நம் 14, 15, 16 வயதுப் பிள்ளைகளைப் பற்றி இன்று பேச விரும்புகிறோம்.

யார் இவர்கள்? ஹிப்ழு மதரஸாவில் சில ஆண்டுகள் ஓதி, குர்ஆனை மனனம் செய்து வீடு திரும்பிய பிள்ளைகள். பெற்றோரே விரும்பி வீட்டில் வைத்துப் பாடம் சொல்லித் தரும் பிள்ளைகள். குடும்பச் சூழலால் இடைநிலைப் பள்ளியை விட்டு நின்றுவிட்ட பெண்பிள்ளைகள். அறிவில் இவர்கள் யாருக்கும் குறைந்தவர்கள் அல்லர். அறுநூறு பக்கங்களை நெஞ்சில் ஏற்றிய பிள்ளைக்குப் படிவம் 5 வரலாற்றுப் புத்தகம் ஒரு மலையா? ஆனாலும் 17, 18 வயதில் கையில் சான்றிதழ் இல்லையென்றால் கல்லூரி வாசலைத் தாண்டுவது கடினம். "கொஞ்ச நாள் கடையில் நிற்கட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்கிறோம். அந்தக் கொஞ்ச நாள் பத்து வருஷமாகிவிடுகிறது.

தோட்டத்தில் பிறந்த பெரியவர்களுக்கு இந்தக் கதை புதிதல்ல. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வைக்க வேண்டும் என்றது 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம். அப்படித்தான் பேராவின் ரப்பர் தோட்டங்களிலும் தமிழ்ப்பள்ளிகள் பெருகின. ஆனால் பாதை ஆரம்பப் பள்ளியோடு நின்றது. மேலே படிக்க டவுனுக்குப் போக வேண்டும், பஸ் காசு வேண்டும், தங்க இடம் வேண்டும். திறமை இருந்தும் ஆறாம் வகுப்போடு பால்மரம் சீவப் போனவர்களின் கதையை இங்கிருக்கும் பாட்டன்மார்களிடம் கேளுங்கள். இன்று ரப்பர் நின்ற இடத்தில் செம்பனை நிற்கிறது. வீட்டுக்கு வீடு கார் இருக்கிறது. ஆனாலும் ஆரம்பப் பள்ளிக்கும் கல்லூரிக்கும் நடுவில், அதே இடத்தில், நம் பிள்ளைகளில் சிலர் இன்னும் நின்றுவிடுகிறார்கள்.

பள்ளியில் இருக்கும் பிள்ளைக்குத் தேர்வுப் பதிவைப் பள்ளி செய்கிறது. சோதனைத் தேர்வைப் பள்ளி வைக்கிறது. பின்தங்கினால் ஆசிரியர் கூப்பிட்டுச் சொல்கிறார். வீட்டில் படிக்கும் பிள்ளைக்கு இந்த மூன்றையும் செய்ய ஆளில்லை. பாடம் சொல்லித்தர டியூசன் கிடைக்கும். யூடியூப்பில் வகுப்பு கிடைக்கும். பள்ளி அலுவலகம் செய்யும் வேலையை யார் செய்வது என்பதுதான் கேள்வி. குடும்பமும் சங்கமும் சேர்ந்து செய்ய வேண்டும் என்பதே எங்கள் பதில்.

முன்பு 12 வயதில் யு.பி.எஸ்.ஆர்., 15 வயதில் பி.டி.3 என்று இரண்டு தேர்வுகள் பிள்ளையின் நிலையைக் காட்டின. 2021-இல் முதலாவதும் 2022-இல் இரண்டாவதும் எடுக்கப்பட்டுவிட்டன. வீட்டில் படிக்கும் பிள்ளை சந்திக்கும் முதல் அரசாங்கத் தேர்வே எஸ்.பி.எம்.தான். வருஷக் கணக்கு எடுக்காமல் கடை நடத்தினால் என்ன ஆகும் என்பது இங்கிருக்கும் வியாபாரிகளுக்குத் தெரியும்.

முதலில் சட்டம். ஆரம்பக் கல்வி 2003 முதல் கட்டாயம். சின்னப் பிள்ளையை வீட்டில் வைத்துப் படிக்கவைக்க அமைச்சின் விலக்கு வேண்டும். இடைநிலைக் கல்வியையும் கட்டாயமாக்கும் திருத்தம் 2025-இல் மக்களவையில் நிறைவேறியது. ஆகவே மாவட்டக் கல்வி இலாகாவுக்கு நேரில் போய், பிள்ளையின் நிலை என்ன என்று கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

அடுத்தது பதிவு. பள்ளியில் இல்லாதவர் எஸ்.பி.எம். எழுதத் தனித்தேர்வராகப் பதிய வேண்டும். இலாகாவில் 'சாலோன் பெர்சென்டிரியான்' என்று கேட்டால் உடனே புரியும். பதிவுக்குக் குறிப்பிட்ட நாட்கள்தாம் உண்டு. அவை போய்விட்டால் ஒரு வருஷம் போய்விட்டது. வருஷத் தொடக்கத்திலேயே தேர்வு வாரியத்தின் அறிவிப்பைத் தேடிப் பாருங்கள். அடையாள அட்டையைச் சரிபாருங்கள். கடைசி நாள் வரை காத்திருக்க வேண்டாம்.

மூன்றாவது, பாடத் தேர்வு. பத்துப் பாடம் எடுத்து எல்லாவற்றிலும் தடுமாறுவதைவிட ஆறு அல்லது ஏழு பாடங்களை உறுதியாக எடுப்பது நல்லது. மலாய்மொழி, வரலாறு, ஆங்கிலம், கணிதம், அறிவியல், இஸ்லாமியக் கல்வி என்று தொடங்குங்கள். அரபுமொழியும் குர்ஆன் சுன்னா கல்வியும் எஸ்.பி.எம். பாடங்களே. மதரஸாவில் ஓதிய பிள்ளைக்கு அவை பலம். தமிழையும் விடாதீர்கள். இயற்பியல், வேதியியல், உயிரியல் எடுத்தால் செய்முறைத் தேர்வு உண்டு. ஆய்வுக்கூடத்துக்கு வழி இல்லாமல் அவற்றை எடுக்கக்கூடாது. அதே சமயம், டாக்டராகவோ என்ஜினியராகவோ ஆக ஆசைப்படும் பிள்ளைக்கு அந்தப் பாடங்கள் தேவைப்படும். எனவே இந்த முடிவைப் பிள்ளையோடு உட்கார்ந்து பேசி, 15 வயதிலேயே எடுங்கள்.

மலாய்மொழியிலும் வரலாற்றிலும் தேர்ச்சி இல்லையென்றால் சான்றிதழே இல்லை. வரலாற்றுக்கு இந்த விதி 2013 முதல் நடப்பில் இருக்கிறது. மற்றப் பாடங்களில் எத்தனை ஏ வாங்கினாலும் இது மாறாது. வீட்டில் தமிழும் ஆங்கிலமும் பேசி வளரும் பிள்ளை பசாரில் மலாய் சரளமாகப் பேசும். கட்டுரை எழுதச் சொன்னால் தடுமாறும். இரண்டையும் சேர்த்தே படிக்க வைக்கலாம். வரலாற்றில் ஒரு பகுதியை வாசித்து, இரவுச் சாப்பாட்டு நேரத்தில் தமிழில் வீட்டாருக்குச் சொல்லட்டும். மறுநாள் அதையே மலாயில் ஒரு பக்கம் எழுதட்டும். வாரத்துக்கு மூன்று பக்கம் போதும். விடாமல் எழுத வேண்டும்.

ஆங்கிலத்தில் வாசித்தல், எழுதுதல், பேசுதல், கேட்டல் என நான்கு தாள்கள். பேச்சுத் தேர்வில் இன்னொரு தேர்வரோடு உரையாட வேண்டியிருக்கும். அறைக்குள் தனியே இருந்து இதற்குத் தயாராக முடியாது. வீட்டில் படிக்கும் இரண்டு பிள்ளைகள் வாரம் ஒருமுறை சந்தித்துப் பேசிப் பழகட்டும்.

பழைய வருஷக் கேள்வித்தாள்களைக் கடிகாரம் வைத்து எழுத வைப்பது அடுத்த வேலை. 2021-இல் தேர்வு அமைப்பு மாறியதால் அதற்குப் பிந்திய தாள்களையே எடுங்கள். திருத்துபவர் அத்தாவாகவோ அம்மாவாகவோ இருக்கக்கூடாது. நம் பிள்ளை எழுதியதில் நமக்குக் குறை தெரியாது. இல்லையென்றால் குறை மட்டுமே தெரியும். வெளி ஆசிரியர் ஒருவர் திருத்தட்டும்.

எஸ்.பி.எம்.முக்குப் பிறகு என்ன? சி கிரேடும் அதற்கு மேலும் கிரெடிட் எனப்படும். பொதுவாக மூன்று கிரெடிட் இருந்தால் டிப்ளோமாவுக்கு வழி திறக்கும். துறைக்குத் துறை கூடுதல் நிபந்தனை உண்டு. நாட்டின் முதல் போலிடெக்னிக்கான உங்கு ஒமார் 1969 முதல் நம் ஈப்போவிலேயே இருக்கிறது. பல்கலைக்கழகம் போக நினைப்பவர் எஸ்.டி.பி.எம். தேர்வையும் தனித்தேர்வராக எழுதலாம். அது மூன்று பருவங்களாக நடக்கிறது. ஊசுலுடின், ஷரியா ஆகியவையும் அதில் பாடங்கள். முயெட் ஆங்கிலத் தேர்வும் தேவை.

அமெரிக்காவில் வீட்டில் படிக்கும் பிள்ளைகள் பள்ளி வயதிலேயே மேல்நிலைத் தேர்வு எழுதிக் கல்லூரிக் கிரெடிட் சேர்த்துக்கொள்கிறார்கள். நம் நாட்டில் அதற்கு அருகில் வருவது ஆப்பெல் முறை. படிப்பு விட்டுப்போய்க் கடையில் நிற்பவர்களும் கேளுங்கள்: தகுந்த வேலை அனுபவம் இருந்தால், மதிப்பீட்டில் தேறி, 20 வயதில் டிப்ளோமாவுக்கும் 21 வயதில் பட்டப்படிப்புக்கும் விண்ணப்பிக்கலாம். சேர்ந்த பிறகு, அனுபவத்தால் கற்ற பாடங்களுக்குத் தேர்வோ கோப்போ கொடுத்துக் கிரெடிட்டும் பெறலாம். 25 வயது ஆனவருக்கும் கதவு மூடவில்லை. ஆனால் இதைக் காரணம் காட்டி 16 வயதுப் பிள்ளையின் எஸ்.பி.எம்.மைத் தள்ளிப்போட வேண்டாம்.

நிறைவாக, சங்கத்திடம் மூன்று கோரிக்கைகள். ஞாயிறு காலையில் பிள்ளைகள் கூடிப் படிக்க ஓர் அறை கொடுங்கள். பெண்பிள்ளைகளுக்கும் அதில் நேரம் ஒதுக்குங்கள். நம் உறுப்பினர்களில் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் கட்டுரைகளைத் திருத்தித் தரட்டும். பதிவு நாட்களைக் கவனித்து ஒவ்வொரு குடும்பத்துக்கும் அழைத்துச் சொல்ல ஒருவரை நியமியுங்கள். பெருஞ்செலவு எதுவும் இல்லை. அழைக்கும் வேலையை எங்களைப் போன்ற இளம் வியாபாரிகள் ஏற்றுக்கொள்கிறோம். கடையில் போன் எப்போதும் கையில்தானே இருக்கிறது!

வீட்டில் படிக்கும் பிள்ளை இருக்கும் குடும்பங்கள், பிள்ளையின் பெயரையும் வயதையும் இன்றே செயலாளரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். அடுத்த பதிவு தொடங்கும்போது அந்தப் பிள்ளைகளின் பெயர் தேர்வர் பட்டியலில் இருக்கும், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.