களை மருந்து டப்பாவில் ஒட்டிய தாள்

திருநாவலூர்ப் பக்கம் கரும்புக்கொல்லையில் கோரையும் அருகும் மண்டிவிட்டால், "ஒரு களை மருந்து குடுங்க" என்று கடையில் கேட்டு வாங்கி வந்துவிடுகிறோம். வாங்கியது கிளைபோசேட் என்றால், டப்பாவில் ஒட்டியிருக்கும் தாளைத் தயவுசெய்து படியுங்கள். நம் நாட்டில் அதற்கு அனுமதி இரண்டே இடத்தில்தான்: தேயிலைத் தோட்டம், பயிரில்லாத நிலம். கரும்பு இல்லை, மக்காச்சோளம் இல்லை, பருத்தியும் இல்லை. பூச்சிக் கட்டுப்பாட்டுப் பணியாளர் மூலமாக மட்டுமே தெளிக்க வேண்டும் என்று 2022 அக்டோபரில் மத்திய அரசு ஆணையும் போட்டது.

ஏன் இத்தனை கெடுபிடி? பச்சை இலையில் பட்டால் வேர்வரை இறங்கும் மருந்து இது. களை எது, பயிர் எது என்று அதற்குத் தெரியாது. காற்றடிக்கும் நேரத்தில் தெளித்தால் பக்கத்துக் கொல்லைக்காரர் பயிரும் கருகும். அவருக்கு யார் பதில் சொல்வது?

தாளில் சாய்சதுரம் ஒன்று இருக்கும். அதில் சிவப்பு என்றால் கடும் நஞ்சு. அடுத்து மஞ்சள், நீலம், பச்சை என்று வீரியம் குறையும். பச்சையும் நஞ்சுதான்.

இன்னொன்று. கலங்கிய வாய்க்கால் தண்ணீரில் கலந்தால் மண் அந்த மருந்தைப் பிடித்துக்கொள்ளும், களை சாகாது. அதைப் பார்த்துவிட்டு அளவைக் கூட்டாதீர்கள். தெளிந்த தண்ணீருக்கு மாறுங்கள்.