சட்டமா, சனங்களா?



"காட்டைக் காப்பது சட்டமே" என்று எதிரணித் தங்கை அடிச்சுப் பேசினாங்க. ஏம்மா, நம்ம அருவியில் சோப்பு, ஷாம்பு போடக் கூடாதுன்னு தடை இருக்கு; பலகையும் இருக்கு. அந்தப் பலகையிலேயே துண்டைத் தொங்கப் போட்டுட்டு ஒருத்தர் சோப்புத் தேய்க்கிறாரே, அவரை என்னம்மா பண்ணுச்சு உங்க சட்டம்? (சிரிப்பு)

நடுவர் அவர்களே, இதே மலைத்தொடரில் கொஞ்சம் வடக்கே போவோம். தென்காசியில் பஸ் ஏறி ராஜபாளையம், தேனி, கம்பம் தாண்டினால் குமுளி. அதை ஒட்டித் தேக்கடி ஏரி. இயற்கையான ஏரி இல்லை. 1895-இல் பென்னி குயிக் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணை தேக்கிய தண்ணீர். அன்றைக்கு மூழ்கிய மரங்களின் கட்டைகள் இன்றைக்கும் தண்ணீருக்கு மேலே தலைகாட்டிக்கொண்டு நிற்கின்றன.

1899-இல் ஏரியைச் சுற்றி ஒதுக்குக்காடு. 1934-இல் நெல்லிக்காம்பட்டி சரணாலயம். 1950-இல் பெரியாறு சரணாலயம். 1978-இல் புலிகள் காப்பகம். 1982-இல் அதன் உட்பகுதி தேசியப் பூங்கா. சட்டத்துக்குப் பஞ்சமா? இல்லை. அந்தச் சட்டங்கள்தான் எல்லை போட்டன; அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் திருட்டு நின்றதா? காட்டின் ஒவ்வொரு தடமும் தெரிந்த மன்னான், பளியர் மக்களை வெளியே கொண்டுவந்து குடிவைத்தார்கள். இன்னொரு பக்கம், வயணா என்கிற காட்டு இலவங்க மரத்தின் பட்டையை உரித்துக் கடத்திப் பிழைத்தது ஒரு கூட்டம். காவலர் துரத்த, இவர்கள் ஓட, வருஷக்கணக்காக இதுதான் கதை!

எப்போது மாறியது? 1990-களின் பிற்பகுதியில், சூழல் மேம்பாட்டுத் திட்டம் வந்தபோது. வனத்துறை துரத்துவதை விட்டுவிட்டுக் கூப்பிட்டுப் பேசியது. "உனக்குத்தானப்பா காட்டு வழி தெரியும், நீயே காவல் காரு" என்றது. பட்டை உரித்த அதே கைகள் பயணிகளுக்கு வழிகாட்டின. ராத்திரி ரோந்து போயின. (கைதட்டல்)

2002-இல் குமுளிப் பெண்கள் 'வசந்த சேனை' என்று ஒன்று சேர்ந்தார்கள். வீட்டு வேலையை முடித்துவிட்டு, முறை வைத்துக்கொண்டு காட்டுக்குள் ரோந்து போகிற சாதாரணப் பெண்கள். சம்பளம் உண்டா? கிடையாது. எந்தச் சட்டம் அவர்களைப் போகச் சொன்னது? "இது எங்க காடு" என்கிற எண்ணம் சொன்னது!

அந்தக் காட்டில் இறங்குகிற மழைதான் ஏரிக்கு வந்து, சுரங்கம் வழியாக மலையைக் குடைந்துகொண்டு தேனிக்கும் மதுரைக்கும் சோறு போடுகிறது. நம்ம கதையும் அதுதான். மேலே காடு இருந்தால்தான் கீழே அருவி. காடு போனால் குற்றாலத்தில் மிஞ்சுவது பாறையும் அந்தப் பலகையும்தான்!

சட்டம் வேலி போடும் நடுவர் அவர்களே. வேலிக்குள் இருப்பது தன்னுடையது என்று சனங்கள் நினைத்தால்தான் காடு பிழைக்கும். ஆகவே, காட்டைக் காப்பது மக்களே என்று தீர்ப்பளிக்கும்படி வேண்டி அமர்கிறேன்.