தடுப்பூசியால் முடமானவர்களுக்கு ஈடு – பிச்சையா, பாத்தியதையா?

(குமணன்சாவடிப் பொதுக்கூட்டத்தில் பேசியது)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் சாமியைப் பற்றியதுமல்ல, புராணத்தைப் பற்றியதுமல்ல. ஆனதால் கூட்டத்திற்கு வந்த சில தோழர்களுக்குச் சற்று சப்பென்றிருக்கலாம். ஆனால் இந்த விஷயத்தை முழுதும் கேட்டு முடித்தால், சாமியும் விதியும் எவ்வளவு சாமர்த்தியமாக இதற்குள்ளும் வந்து உட்கார்ந்து கொண்டு ஏழைகளின் வாயை அடைக்கின்றன என்பது உங்களுக்கே விளங்கிவிடும்.

சர்க்கார் போடச் சொன்ன தடுப்பூசியினால் கையோ காலோ விழுந்து, அல்லது மூளை கெட்டு, ஆயுசு பூராவும் முடமாகிப் போன ஒருவருக்கு ஈடு செய்ய வேண்டிய பொறுப்பு யாருடையது? இதுதான் இன்றைய கேள்வி.

முதலில் ஒரு சங்கதியைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். இதைக் கேட்டுவிட்டு, "பார்த்தீர்களா! சுயமரியாதைக்காரர்களே ஊசி வேண்டாம் என்கிறார்கள்" என்று எந்த மந்திரவாதியும் நாளை தாயத்து விற்கப் புறப்பட வேண்டாம். தடுப்பூசி மனித அறிவு கண்ட மகா பெரிய நன்மைகளில் ஒன்று என்பதே நம் அபிப்பிராயம். இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் பூந்தமல்லியில் கண் பார்வையற்ற பிள்ளைகளுக்குச் சர்க்கார் பள்ளிக்கூடம் இருக்கிறது. ஒரு காலத்தில் நம் நாட்டில் பெரியம்மையினால் கண்ணவிந்தவர்கள் ஏராளம். மற்றொரு பக்கம் சற்று நடந்தால் திருவேற்காட்டுக் கருமாரி கோயில். அம்மை கண்டவுடன் வேப்பிலையும் மஞ்சள் தண்ணீரும் கூழும் கொண்டு எத்தனை நூறு வருஷம் அம்மனை வேண்டினோம்? அம்மை போயிற்றா? 1796-ல் ஜென்னர் என்ற சீமை வைத்தியர் பசுவின் அம்மையைக் கொண்டு மனிதன் அம்மையைத் தடுக்கும் வழியைக் கண்டார். கிண்டியில் கிங் இன்ஸ்டிடியூட்டில் அம்மைப்பால் தயார் செய்து ஊர் ஊராக அனுப்பினார்கள். 1975-க்குப் பின் இந்தியாவில் பெரியம்மை கண்டவர் கிடையாது. 1980-ல் உலகத்திலேயே ஒழிந்தது என்று உலக சுகாதார ஸ்தாபனம் அறிவித்துவிட்டது. அம்மன் இருக்கிறாள், ஆடி மாதம் கூழும் ஊற்றப்படுகிறது, அம்மைதான் இல்லை. இதிலிருந்து எதனால் எது போயிற்று என்பதைச் சிறு பிள்ளையும் தெரிந்துகொள்ளலாம்.

ஆனால் தோழர்களே! மனிதன் செய்த எந்தக் காரியமும் குற்றமே இல்லாதது என்று நாம் சொல்லுவதில்லை. குற்றமே இல்லாதது என்று சொல்லுவது பக்தனுடைய வேலை. தடுப்பூசியிலும் பல லட்சத்தில் ஒருவருக்குத் தீங்கு நேருகிறது. அதை மறைப்பதில் பிரயோஜனமில்லை.

1902-ல் பஞ்சாபில் மல்கோவால் என்ற கிராமத்தில் பிளேக் ஊசி போட்டுக்கொண்ட 19 பேர் ரணஜன்னி கண்டு இறந்தார்கள். வெறிநாய்க் கடிக்குத் தொப்புளைச் சுற்றிப் போட்ட ஊசியை இங்குள்ள பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அது ஆட்டு மூளையிலிருந்து செய்த மருந்து. அது எத்தனையோ பேர் உயிரைக் காத்தது மெய். ஆனால் அந்த மூளைப் பொருளினாலேயே சிலருக்குக் கை கால் விழுந்துபோனதும் மெய். அந்த மருந்தைச் செய்வதை 2004 முடிவில்தான் இந்தியாவில் நிறுத்தினார்கள்.

இளம்பிள்ளை வாதச் சொட்டு மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் இருப்பது பலம் குறைக்கப்பட்ட உயிருள்ள கிருமி. அது குடலில் பெருகும்போது மிக அபூர்வமாகப் பழைய கெட்ட குணத்திற்கே திரும்பிவிடும். அப்போது எந்த வாதத்தைத் தடுக்க மருந்து கொடுத்தோமோ அந்த வாதமே வந்துவிடும். மருந்து குடித்த பிள்ளைக்கும் வரலாம், கூட விளையாடிய பிள்ளைக்கும் தொற்றலாம். 1999-ஆம் ஆண்டு ஒன்றில் மட்டும் இந்தியாவில் இவ்விதம் 181 பேருக்குக் கால் விழுந்ததாக வைத்திய ஆராய்ச்சிக்காரர்களே கணக்கிட்டு, 2002-ல் உலக சுகாதார ஸ்தாபனத்தின் பத்திரிகையில் வெளியிட்டார்கள். நாற்பது லட்சம் தடவைக்கு மேல் மருந்து கொடுத்தால் ஒருவருக்கு என்ற விகிதம் அது. வேலூர் வைத்தியர் டி. ஜேக்கப் ஜான் போன்றவர்கள் இதைப் பல காலம் எடுத்துச் சொல்லி, உயிரற்ற கிருமியால் செய்த ஊசி மருந்து வேண்டும் என்று வாதாடினார்கள். அந்த ஊசி 2015 கடைசியில்தான் சர்க்கார் திட்டத்தில் வந்தது. இந்தச் சொட்டு மருந்தினால் 2011-க்குப் பின் நாட்டில் இயற்கையான வாதக் கிருமியே கிடையாது. 2014-ல் அது ஒழிந்ததாகச் சான்றும் கிடைத்துவிட்டது. அந்த வெற்றியைக் கொண்டாடியவர்கள், அந்த 181 பேரைப் பெயர் சொல்லி அழைத்து மேடையில் உட்கார வைத்தார்களா?

வெகு தூரம் போவானேன்? நம் திருவள்ளூர் ஜில்லாவிலேயே 2008 ஏப்ரலில் தட்டம்மை ஊசி போட்ட அன்றே நான்கு குழந்தைகள் இறந்தன. அதன் பின் தமிழ்நாட்டு சர்க்கார், கிராமம் கிராமமாகப் போய் ஊசி போடுவதை நிறுத்தி, டாக்டர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ஆஸ்பத்திரியிலுமே போட வேண்டும் என்று ஏற்பாடு செய்தது. நல்ல ஏற்பாடுதான். குற்றம் மருந்தினுடையதா, அதைக் கரைத்தவர் கையினுடையதா, போட்ட விதத்தினுடையதா என்பதை விசாரிக்க வேண்டியதும் அவசியந்தான். ஆனால் அந்த விசாரணை எப்படி முடிந்தாலும் பெற்றவளின் மடி காலியாய்ப் போனது போனதுதானே! குற்றவாளியைக் கண்டுபிடித்த பிறகுதான் ஈடு என்றால், கண்டுபிடிக்க முடியாவிட்டால் ஈடே இல்லை என்றல்லவா ஆகிறது?

இப்படி முடமாகிப் போன பிள்ளையின் வீட்டில் நடப்பது என்ன? ஜோசியன் வருகிறான்; சனி பிடித்திருக்கிறது என்கிறான். பாட்டி பூர்வ ஜென்ம பாவம் என்கிறாள். மாமியார் மருமகளின் ராசி என்கிறாள். கோயிலுக்கு வெள்ளியில் கால் செய்து உண்டியலில் போட்டால் கால் வரும் என்று பூசாரி சொல்லுகிறான். பிள்ளையின் கால் வருவதில்லை, வெள்ளிக் கால் மட்டும் கோயிலோடு போய்விடுகிறது. இதில் யாருக்கு லாபம்? எல்லாம் விதி என்று ஜனங்கள் நம்பிக்கொண்டிருக்கும் வரையில், சர்க்காரிடம் கேட்கவேண்டும் என்ற நினைப்பே அவர்களுக்கு வராது. அதைவிட சர்க்காருக்குச் சௌகரியமான காவல்காரன் வேறு யார்? வேப்பிலை வைத்துச் செத்த பிள்ளைக்கு எந்த அம்மனும் நஷ்ட ஈடு கொடுத்ததாகச் சரித்திரமில்லை. அம்மனிடம் கேட்க முடியாது. ஆனால் சர்க்கார் மனிதர்கள் ஏற்படுத்தியது. அதனிடம் கணக்குக் கேட்கலாம், கேட்கவும் வேண்டும்.

இந்த ஊரின் பெயரைக் கேட்டால் பண்டிதர்களுக்குக் குமண வள்ளலின் ஞாபகம் வரும். ஏழைப் புலவனுக்காகத் தன் தலையையே கொடுக்க முன்வந்தான் என்று கதை சொல்லுவார்கள். இருக்கட்டும். அவன் கேட்டவனுக்குத் தெரிந்து கொடுத்தவன். வாதத்தால் கால் விழுந்த குழந்தை யாருக்கும் தானம் செய்யவில்லை. அதன் சம்மதத்தை யாரும் கேட்கவுமில்லை. ஊரிலுள்ள அத்தனை பிள்ளைகளின் காலும் நிற்பதற்காக இந்த ஒரு பிள்ளையின் கால் போயிற்று. அப்படியானால் ஊரார் அத்தனை பேரும் அந்தப் பிள்ளைக்குக் கடன்பட்டவர்களா, இல்லையா?

இந்த நியாயத்தை மற்ற தேசத்தார் வெகு நாளைக்கு முன்பே ஒப்புக்கொண்டு விட்டார்கள். ஜெர்மனியில் கட்டாய அம்மை குத்தலால் முடமானவருக்கு ஈடு பெறப் பாத்தியதை உண்டு என்று 1953-ல் உயர்ந்த கோர்ட்டே தீர்ப்புச் சொல்லிற்று. 1961-ல் அது சட்டமாயிற்று. இங்கிலாந்தில் முடமான பிள்ளைகளின் பெற்றோர்கள் கிளர்ச்சி செய்து 1979-ல் சட்டம் கொண்டுவரச் செய்தார்கள். முதலில் 10,000 பவுன், பின்னால் உயர்ந்து உயர்ந்து 1,20,000 பவுன். அதிலும் ஒரு கோணல் உண்டு: நூற்றுக்கு 60 பங்கு ஊனமிருந்தால்தான் பணம், 59 என்றால் ஒரு காசுமில்லை! நாம் சட்டம் கேட்கும்போது அந்தக் கோணலையும் சேர்த்துக் கேட்க வேண்டியதில்லை. ஜப்பானில் 1976-ல் சட்டம் வந்தது. அமெரிக்காவில் 1986-ல் சட்டம் செய்து, மருந்து ஒவ்வொன்றின் மேலும் ஒரு நோய்க்கு 75 சென்ட் வீதம் வரி போட்டு, அந்த நிதியிலிருந்தே ஈடு கொடுக்கிறார்கள். யார் குற்றம் என்று நிரூபிக்கும் தொல்லை முடமானவனுக்கு அங்கு இல்லை.

நம் நாட்டு சர்க்கார் என்ன சொல்லிற்று? கொரோனா ஊசி போட்டுக்கொண்ட பின் 2021-ல் தங்கள் பெண்களைப் பறிகொடுத்த பெற்றோர்கள் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார்கள். 2022 நவம்பரில் மத்திய சர்க்கார் கொடுத்த பதிலின் சாரம் இதுதான்: ஊசி யாருக்கும் கட்டாயமில்லை, இஷ்டப்பட்டுப் போட்டுக்கொண்டது, ஆகவே சர்க்கார் பொறுப்பல்ல, வேண்டுமானால் சிவில் கோர்ட்டில் வழக்குப் போட்டுக்கொள்ளலாம்.

இந்தப் பதிலைச் சற்று யோசித்துப் பாருங்கள். இஷ்டமா? 2021 நவம்பரில் இந்தத் தமிழ்நாட்டிலேயே, ஊசி போட்டவர்கள்தான் பொது இடங்களுக்கு வரலாம் என்று சுகாதார இலாகா உத்தரவு போட்டது. கடைக்கும் சந்தைக்கும் வேலைக்கும் போகாமல் எந்தக் கூலிக்காரன் இஷ்டப்படி வீட்டில் உட்கார்ந்திருப்பான்? இம்மாதிரி உத்தரவுகள் சரியல்ல என்று 2022 மே மாதம் சுப்ரீம் கோர்ட்டே சொல்ல வேண்டி வந்தது. கதவை மூடிவிட்டு, "ஜன்னல் வழியாகக் குதித்தது உன் இஷ்டம்" என்று சொல்வது எந்த ஊர் நியாயம்?

சிவில் கோர்ட்டா? வக்கீல் பீசு, கோர்ட்டுக் கட்டணம், வாய்தா மேல் வாய்தா. எதிரில் நிற்பதோ பெரிய மருந்துக் கம்பெனி. 2020-ல் மருந்துப் பரீட்சைக்கு உட்பட்ட சென்னைவாசி ஒருவர் தமக்குத் தீங்கு நேர்ந்ததாகச் சொல்லி 5 கோடி ரூபாய் கேட்டு நோட்டீஸ் கொடுத்தபோது, கம்பெனி அதை மறுத்து, அவர்மேல் 100 கோடிக்கு மேல் கேட்போம் என்று பதில் சொல்லிற்று. மருந்தினால் நேர்ந்ததல்ல என்று அதிகாரிகள் முடிவு செய்தார்கள். எது சரி என்று தீர்ப்புச் சொல்ல நாம் வரவில்லை. வக்கீல் வைக்க வசதியுள்ளவருக்கே இந்தப் பதில் என்றால், நசரத்பேட்டைக் கூலிக்காரனுக்கு என்ன பதில் கிடைக்கும்? இதில் மற்றொரு வேடிக்கை: மருந்துப் பரீட்சையில் சேர்ந்தவருக்குத் தீங்கு நேர்ந்தால் ஈடு உண்டு என்று 2019-ன் விதிகள் சொல்லுகின்றன. பரீட்சை முடிந்து ஊராருக்கெல்லாம் போடும்போது அந்தப் பொறுப்பு எங்கே ஓடிப்போயிற்று?

பணமில்லை என்பார்கள். கணக்குப் பார்ப்போம். 2022 நவம்பர் வரையில் போட்ட கொரோனா ஊசி 219.86 கோடி. அதில் கடுமையான தீங்கும் சாவுமாகச் சர்க்கார் கணக்கில் பதிவானது 2,782. இவை எல்லாம் ஊசியினால்தான் என்று சொல்ல முடியாது. ஆனாலும் அத்தனை பேருக்கும் தலைக்கு 10 லட்சம் கொடுத்தாலும் 278 கோடிதான். ஊசி ஒன்றுக்கு 1 ரூபாய் 27 பைசா! ஒரு டீயின் விலைகூட இல்லை. கொரோனாவால் செத்தவர் குடும்பத்துக்கு 50,000 ரூபாய் என்று 2021-ல் ஒப்புக்கொண்ட சர்க்கார், அதைத் தடுக்கும் ஊசியால் செத்தவருக்கு மட்டும் கோர்ட்டு வாசலைக் காட்டியதற்கு என்ன சமாதானம்?

ஈடு கொடுத்தால் ஜனங்கள் பயந்து ஊசியே போட்டுக்கொள்ள மாட்டார்கள் என்று சிலர் சொல்லுகிறார்கள். உண்மை நேர்மாறானது. மறைப்பதால்தான் வதந்தி வளருகிறது. "பத்து லட்சத்தில் ஒருவருக்குத் தீங்கு வரலாம், வந்தால் உன்னையும் உன் குடும்பத்தையும் ஆயுசுக்கும் பார்த்துக்கொள்வோம்" என்று வெளிப்படையாகச் சொல்லும் சர்க்காரை ஜனங்கள் நம்புவார்களா, வாயை மூடிக்கொண்டிருக்கும் சர்க்காரை நம்புவார்களா? 1923-ல் வெள்ளைக்காரன் காலத்திலேயே, வேலையில் அடிபட்ட தொழிலாளிக்கு முதலாளி ஈடு கொடுக்க வேண்டும் என்று சட்டம் செய்தார்கள். அதனால் ஆலைகள் மூடிப்போய்விடவில்லை; தொழிலாளி பயந்து ஓடிப்போகவுமில்லை.

ஆகவே நாம் கேட்பது நான்கே காரியம். ஒன்று, மந்திரியின் கருணையாலோ தேர்தல் சமயத்து அறிவிப்பாலோ அல்லாமல், சட்டமாகவே செய்து ஈடு கொடுக்க வேண்டும். இரண்டு, யார் குற்றம் என்று நிரூபிக்கும் பாரத்தை முடமானவன் தலையில் வைக்கக் கூடாது. ஊசியினால் நேர்ந்திருக்கக் கூடும் என்று நியாயமாகத் தெரிந்தாலே போதும். மூன்று, விசாரிக்கும் கமிட்டியில் ஊசி போட்ட இலாகாவைச் சேராத வைத்தியர்களும் இருக்க வேண்டும். முடிவைத் தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டும். நான்கு, ஒரே தடவை பணத்தோடு விட்டுவிடாமல் வைத்தியம், படிப்பு, மாதச் சம்பளம் போன்ற உதவி ஆகியவை பிள்ளை வளர வளரக் கிடைக்க வேண்டும்.

இதற்கு "கருணைத் தொகை" என்று பெயர் வைக்கிறார்கள். அந்தப் பெயரே நம் சுயமரியாதைக்கு விரோதமானது. கருணை என்றால் கொடுப்பவன் மேலே, வாங்குபவன் கீழே. இது கடன். கடனைத் திருப்பிக் கேட்கிறவன் கைகட்டி நிற்க வேண்டியதில்லை.

தாய்மார்களே! உங்களுக்கு ஒன்று விசேஷமாகச் சொல்லுகிறோம். பிள்ளைக்கு ஊசி தவறாமல் போடுங்கள். போட்ட தேதியையும், மருந்தின் பெயரையும், சீட்டில் உள்ள நம்பரையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைக்கு ஏதாவது நேர்ந்தால் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். அந்தச் சீட்டைத் தூக்கிக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், நடந்ததைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். பதிவாகாத தீங்கு சர்க்கார் கணக்கில் நடக்காத தீங்கு. உங்கள் தெருவில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால், "பாவம், விதி" என்று சொல்லிவிட்டு நகராதீர்கள். அந்தத் தாயோடு கூடப் போங்கள்.

இவைகள் நம் அபிப்பிராயம். நாம் சொன்னோம் என்பதற்காக ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. வீட்டுக்குப் போய் நன்றாக யோசித்துப் பார்த்து, உங்கள் அறிவுக்குச் சரியென்று பட்டால் நாளை முதல் கேட்க ஆரம்பியுங்கள்.