வோங்கா படிக்காத பத்திரம்

மூலக்குளத்தில் சினிமா பேசச் சொன்னீர்கள். பால் கிங் இயக்கிய ‘வோங்கா’ (2023) பற்றிப் பேசுகிறேன். சாக்லேட்காரர் வில்லி வோங்காவின் இளமைக்காலம். ஆட்டம், பாட்டு, கலகலப்பு. ரசித்துத்தான் பார்த்தேன்.

ஆனால் கதையின் நடுவே இருப்பது கொத்தடிமை முறை. பத்திரத்தைப் படித்துப் பார் என்று நூடுல் என்ற சிறுமி எச்சரிக்கிறாள். வோங்காவுக்குப் படிக்கத் தெரியாது. கையெழுத்துப் போடுகிறான், ஓரிரவு தங்கியதற்கு ஆண்டுக்கணக்கில் துணி வெளுக்க வேண்டும். பிறகு அவளே எழுத்துக் கற்றுத் தருகிறாள். முன்பணத்துக்குக் கைநாட்டு வைத்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இது மாயக்கதையா? கொத்தடிமை ஒழிப்புச் சட்டமே இங்கு 1976இல்தான் வந்தது.

மூலநூலில் (1964) உம்பா-லும்பாக்கள் ஆப்பிரிக்கர்கள்; கூலி வெறும் கொக்கோ விதை. கண்டனத்துக்குப் பிறகே ரோல்ட் டால் திருத்தினார். இந்தப் படத்திலோ, எடுத்துப்போன விதைக்குக் கணக்குக் கேட்டு உம்பா-லும்பா வோங்காவைத் துரத்தியே வருகிறார். எனக்குப் பிடித்த பாத்திரம் அவர்தான்.